குஞ்சு பொரித்தால் மட்டும் போதுமா?

'ரியோ' படம் பார்க்காத ஆக்கள் எங்களுக்குள்ள குறைவு. ப்ளூ என்ற நீலக்கிளி கடைசியில் காட்டுக்குப் போய், சோடி சேர்ந்து, குஞ்சுகளோட சந்தோசமா இருக்கும். நாங்களும் கைதட்டினோம். ஆனால் 2011 இல் அந்தப் படம் வரேக்க, அந்த இனத்தில் ஒரு கிளிகூடக் காட்டில் இருந்ததாகத் தெரியாது.

அதன் பெயர் ஸ்பிக்ஸ் மக்கோ. உண்மையில் அது மழைக்காட்டுப் பறவையே இல்லை. பிரேசிலின் வடகிழக்கில், குராசா என்ற ஊரைச் சுற்றியுள்ள முள்ளும் கள்ளியும் நிறைந்த வறண்ட காடுதான் அதின்ர வீடு. மழைக்கு மட்டும் ஓடுகிற ஆறுகளின் கரையில் நிற்கும் கரைபெய்ரா மரப்பொந்துகளில் முட்டையிடும். அந்த மரங்களை மனிதர் வெட்டினார்கள், முளைத்த கன்றுகளை ஆடுகள் மேய்ந்தன. மிச்சத்தைக் கிளி பிடிக்கிறவர்கள் பார்த்துக்கொண்டார்கள். கிளி குறையக் குறைய விலை ஏறியது. விலை ஏற ஏற இன்னும் பிடித்தார்கள்.

1990 இல் காட்டில் மிஞ்சியது ஒரே ஒரு ஆண். தன் இனத்தில் துணை இல்லாமல் வேறொரு மக்கோ இனப் பெண்ணோடு சேர்ந்து திரிந்தது. 1995 இல் கூட்டில் இருந்த பெண் ஒன்றைத் திறந்துவிட்டார்கள். சில வாரங்களில் அதைக் காணவில்லை. 2000 ஒக்டோபருக்குப் பிறகு அந்த ஆணும் இல்லை.

இனம் அடியோடு அழியாமல் இருந்ததற்குக் காரணம் வளர்ப்பாளர்களிடம் இருந்த கிளிகள்தான். அதை நாங்கள் மறுக்கவில்லை. 2020 இல் ஜேர்மனியிலிருந்து 52 கிளிகள் பிரேசிலுக்கு வந்தன. 2022 யூனில் முதல் எட்டு பறந்தன. அடுத்த வருடமே காட்டில் குஞ்சும் பொரித்தன.

ஆனால் இத்தோட கதை முடியவில்லை. 2023 இல் ஜேர்மனியிலிருந்து 26 கிளிகள் இந்தியாவிலுள்ள தனியார் நிலையம் ஒன்றுக்குப் போயின. பிரேசில் அரசு அதை ஆட்சேபித்தது. 2025 இல் கிளிகளிடையே மருந்தில்லாத சர்கோவைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. இன்றைக்கிருக்கிற எல்லாமே ஒரு சில பறவைகளின் வாரிசுகள். ஒரு நோய் வந்தால் தாங்குகிற பலம் அந்த இனத்துக்கு எவ்வளவு இருக்கும்?

இங்கதான் எங்கட கருத்து. கூட்டில் பெருக்குவது அரைவாசி வேலை. மற்ற அரைவாசி, படம் எடுத்துப் போட முடியாத வேலை. ஆடு மேயாமல் வேலி போட வேண்டும். இன்றைக்கு நடுகிற கன்றில் பொந்து விழப் பல பத்து வருடம் காத்திருக்க வேண்டும். அந்தக் காட்டில் ஆடு மாடு மேய்த்துச் சீவிக்கிறவர்களுக்கும் அதில் ஒரு பங்கு இருக்க வேண்டும். கடைசி ஆணைக் கண்காணிக்க உதவினதும் அவர்களின் கண்கள்தானே. முக்கியமாக, கிளி எந்த நாட்டுக்குப் போக வேண்டும் என்பதைக் காசுள்ள சேகரிப்பாளர்கள் முடிவெடுக்கக் கூடாது. அதின்ர காடு எந்த நாட்டில் இருக்குதோ அந்த நாடு முடிவெடுக்க வேண்டும்.

அரிய கிளி ஒன்று குஞ்சு பொரித்த வீடியோ வந்தால் நாங்கள் உடனே பகிர்கிறோம். பகிருங்கோ, பிழையில்லை. கூடவே ஒரு கேள்வியும் கேளுங்கோ: இது வளர்ந்து போய் இருக்க மரம் இருக்கா? காட்டிலிருந்து பிடித்த கிளிக்குஞ்சை யாரும் விற்க வந்தால் வாங்காமல் விடுங்கோ. வாங்க ஆள் இருக்கும்வரை பிடிக்கவும் ஆள் இருக்கும்.