துருவும் ஒரு சாட்சியம்

இத்தாலியின் தூரின் நகரில் 1899இல் நிறுவப்பட்ட பியற் நிறுவனம், 1953இல் புதிய வடிவில் வெளியிட்ட 1100 ரக மோட்டார்க் காரைப் பழைய வாகனப் பிரியர் இன்றும் விரும்புவர். அத்தகைய காரொன்று வன்னியில் அகப்படின், உடனே கழற்றிச் சுரண்டிப் புதுநிறம் பூசித் தொழிற்சாலையை விட்டு வந்த கோலத்துக்குக் கொணர்வதே புனரமைப்பு என்று வாதிடுவோர் உளர். தொழிற்சாலை வாயிலைக் கடந்தபின் அதற்கு நேர்ந்த யாவும் அவர்களுக்கு வெறும் அழுக்கு. இக்கருத்து மறுக்கப்பட வேண்டியது.

காரின் சமூக வரலாறு அது தெருவில் இறங்கிய பின்னரே தொடங்குகிறது. இலக்கத் தகட்டையே நோக்குக. 1957இல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வாகனத் தகடுகளில் புகுத்தப்பட்டது. தமிழரசுக் கட்சி அதனை எதிர்த்துப் போராடியது. அக்காலத்துத் தகடு வெறுந் தகரமன்று, அரசியல் ஆவணம்.

இயந்திரமும் அவ்வாறே. 1990களின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதானபோது, வடக்கிற் பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. எனவே, சிறிதளவு பெற்றோல் விட்டு இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். இதற்கெனப் பொருத்திய சிறு குழாயொன்று காரில் எஞ்சியிருப்பின், அதனைக் 'கோளாறு' எனப் பிடுங்கியெறிதல் தகுமா? தடையை வென்ற தொழிலாளியின் அறிவல்லவா அது?

பியற் பிறந்த நகரின் பெயரையே தாங்கி, சர்வதேசப் பழைய வாகனச் சம்மேளனம் 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும், பாவனைக் காலத்தில் நேர்ந்த மாற்றங்களை அக்கால ஆவணங்களாகப் பேணலாம் என்கிறது. தடுப்பும் சுக்கானும் பாதுகாப்பாக இருத்தல் வேண்டும் என்பதை எவரும் மறுக்கார். ஆயினும் கழற்றிய உறுப்பைப் படமெடுத்து, குறிப்பெழுதிப் பேணுவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை.

ஆகவே, ஆராய்ச்சி முன்னும் திருத்தம் பின்னும் நிகழ வேண்டும். அடிச்சட்ட இலக்கத்தையும் முன்னைய உரிமையாளர் விபரத்தையும் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களப் பதிவுகளில் தேடலாம். ஆனால் வன்னியில் ஏடுகள் மட்டும் போதா. 2009இன் இறுதிப் போரில் மக்கள் முள்ளிவாய்க்கால்வரை கொண்டுசென்ற வாகனங்கள் அங்கேயே கைவிடப்பட்டுத் துருவேறின. வீட்டு ஆவணங்களும் இடப்பெயர்வில் அழிந்தன. எஞ்சியிருப்பது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா திருத்தகங்களில் முதுமையடைந்து வரும் தொழிலாளரின் நினைவே. மன்னர் கல்வெட்டைப் படியெடுக்கும் கல்வியுலகம், இவர்தம் வாய்மொழியைப் பதிவு செய்யத் தயங்குவதேன்? பழுதடைந்த இயந்திரத்தை நாளையும் திருத்தலாம்; அதனை இயக்கிய கைகளின் சாட்சியம் நாளை கிட்டாது.