முகம் கொடுத்தவரும் உயிர் கொடுத்தவரும்

 

ஒரு நடிகரைப் பற்றி இப்பக்கத்தில் எழுதுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் உண்டு, பொறுமையுடன் படியுங்கள்.

ஆன்டனி குவின் 1915-இல் மெக்சிகோ நாட்டில் பிறந்தவர்; 2001-இல் அமெரிக்காவில் மறைந்தார். மேடையில் லாரன்ஸ் ஒலிவியருடன் நடித்தார். திரைப்படத்தில் இருமுறை ஆஸ்கார் விருது பெற்றார். 1971-இல் தொலைக்காட்சித் தொடரொன்றில் நகர மேயராக வந்தார். கிரேக்கராகவும் அரபியராகவும் வேடமிட்டார். 1964-இல் 'ஸோர்பா' என்னும் கிரேக்கராகத் திரையில் தோன்றியவர், 1983-இல் அதே பாத்திரத்தை நியூயார்க் இசை நாடக மேடையிலும் ஏற்றார்.

சிரியாவின் ஹலப் நகரில் பிறந்த முஸ்தஃபா அக்காத் இவரைக் கொண்டு இரு படங்களை எடுத்தார். முதலாவது, 1976-இல் வெளிவந்த 'தி மெஸேஜ்'. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ அதில் இடம்பெறவில்லை. குவின் ஹம்ஸா (ரலி) அவர்களாக நடித்தார். ஸஹாபி ஒருவரை நடிகர் சித்திரிப்பதையே உலமாக்கள் பலர் ஏற்கவில்லை. அந்த எச்சரிக்கையை நாமும் மறந்துவிடலாகாது.

இரண்டாவது, 1981-இல் திரைக்கு வந்த 'லயன் ஆஃப் தி டெஸர்ட்'. இதில் குவின் ஏற்றது லிபியாவின் உமர் முக்தார் வேடம். அந்தப் பெருமகனார் யார்? சிறுவர்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்த ஓர் உஸ்தாது. 1911-இல் இத்தாலி படையெடுத்தபோது போர்க்களம் புகுந்து, இருபதாண்டுகள் எதிர்த்து நின்றார். எதிர்ப்பை ஒடுக்க, ஏறத்தாழ 1,00,000 மக்களை இத்தாலியர் முள்வேலி முகாம்களில் அடைத்தனர். எழுபது வயதை எட்டிய அவரை 1931 செப்டம்பர் 11-இல் சிறைபிடித்து, 16-ஆம் நாள் ஸுலூக் என்னுமிடத்தில், கைதிகளாயிருந்த அம்மக்களின் கண்ணெதிரிலேயே தூக்கிலிட்டனர்.

தம் படையின் கௌரவத்துக்கு இழுக்கு என்று கூறி, 1982-இல் இத்தாலி அப்படத்தைத் தடை செய்தது. 2009-இல்தான் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் அது காட்டப்பட்டது. தூக்குக்கயிற்றை மாட்டியவர்களுக்கு அதைத் திரையில் காணவும் துணிவில்லை!

எனினும் சிந்தியுங்கள். அப்படத்துக்குப் பொருளுதவி செய்தது கடாஃபியின் அரசு. செலவு செய்பவர் எவரோ, அவர் விரும்பியவாறே திரைக்கதை திரும்பக்கூடும். திரைப்படம் வரலாறாகிவிடாது. குவின் முகத்தைத்தான் கொடுத்தார். உயிரைக் கொடுத்தவர் முக்தார். நம் இல்லங்களிலோ நடிகரின் பெயரை அறிந்த பிள்ளைகள் பலர்; ஷஹீதின் பெயரை அறிந்தவர்கள் சிலரே.

இந்தக் குறை பிள்ளைகளுடையதன்று. நாம் சொல்லாமல் விட்டதை யாரோ ஒருவர் நடித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

தாய்மார்களே! தந்தையரே! இன்றிரவு உணவுக்குப் பின் பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அலிஃப், பா கற்றுத் தரும் உஸ்தாதைப் போன்ற ஒருவர்தாம் ஒரு வல்லரசை இருபதாண்டுகள் எதிர்த்து நின்றார் என்று சொல்லுங்கள். அதற்குத் திரை வேண்டியதில்லை. உங்கள் நாவே போதும். அல்லாஹ் அதற்கு நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.