வாசகனின் சுவடு

போன மாதம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் எழுந்து, என்னைப் பார்த்து ஒரு சிறு பிரசங்கமே செய்துவிட்டார். "முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசகனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போன காலம் மலையேறிவிட்டது, ஸார். இணையம் வந்து அவனுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டது. இனி அவன் இஷ்டப்பட்ட இடத்துக்குத் தாவுவான்" என்றார். நல்ல கைதட்டல் கிடைத்தது. நாவலாசிரியன் என்கிற முறையில் எனக்குக் கோபம் வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். கோபம் வந்தது உண்மைதான். ஆனால் என் பொருட்டு அல்ல, வாசகன் பொருட்டு.

இந்த வாதம் புதிதும் அல்ல. 1992-லேயே ராபர்ட் கூவர் என்ற அமெரிக்க நாவலாசிரியர், புத்தகத்துக்கு முடிவு வந்துவிட்டது என்ற பொருளில் நியூயார்க் டைம்ஸில் எழுதியிருக்கிறார். மைக்கேல் ஜாய்ஸ் என்பவர் 1987-லேயே, சொல்லைத் தொட்டால் வேறு பக்கம் திறக்கும்படி ஒரு கதை எழுதியும் காட்டினார். எழுதட்டும், கதையில் என்ன சோதனை வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் வாசல்களை வைத்தவர் ஆசிரியர். எந்த வாசலில் நுழைவது என்பதுதான் வாசகன் பாடு. அதற்கு விடுதலை என்று பெயரா?

விடுதலை என்ற சொல்லுக்கு உண்மையாகவே பொருள் சொன்ன ஒருவர் இருந்தார். அவர் எழுத்தாளர் அல்ல, எஞ்சினீயர். இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்காவின் விஞ்ஞான ஆராய்ச்சிகளை மேய்த்த வான்னெவர் புஷ், 1945 ஜூலையில் 'அட்லாண்டிக் மன்த்லி' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அறிவு மலையாகக் குவிகிறது, அதை அகர வரிசையிலும் எண் வரிசையிலும் அடுக்கி வைக்கிறோம், மனித மனமோ அப்படி வேலை செய்வதில்லை, ஒன்றை நினைத்தால் அதைத் தொட்டு இன்னொன்று வருகிறது என்பது அவருடைய வாதம். ஆகவே அவர் மனத்தைப்போல் வேலை செய்யும் ஒரு மேஜையைக் கற்பனை செய்தார். உள்ளே மைக்ரோபிலிமில் புத்தகங்கள், கடிதங்கள், படங்கள். மேலே சாய்வான திரைகள். பக்கத்தில் பித்தான்கள், ஒரு நெம்புகோல். அதற்கு மெமெக்ஸ் என்று பெயர் வைத்தார். அந்த மேஜையை யாரும் கடைசிவரை செய்யவில்லை.

அவர் சொன்ன உதாரணம் என் மனத்தை விட்டுப் போகவே இல்லை. ஒரு மனிதர் வில்லின் சரித்திரத்தைப் படிக்கிறார். சிலுவை யுத்தச் சண்டைகளில் ஆங்கிலேயரின் நீள வில்லைவிடத் துருக்கியரின் குட்டை வில் ஏன் மேலாக இருந்தது என்பது அவருடைய கேள்வி. கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை கிடைக்கிறது. ஒரு சரித்திரப் புத்தகத்தில் ஒரு பகுதி. இரண்டையும் முடிச்சுப் போடுகிறார். கிடைத்த பொருள்களின் வளையும் தன்மைக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று தோன்றியதும், பௌதிகப் புத்தகத்துக்கு ஒரு கிளைப் பாதை பிரிகிறது. நடுவில் தாமே கைப்பட ஒரு பக்கம் எழுதிச் சேர்க்கிறார். சில வருஷம் கழித்து ஒரு நண்பரோடு பேசிக்கொண்டிருக்கும்போது, ஜனங்கள் புதுமையை எப்படியெல்லாம் எதிர்க்கிறார்கள் என்று பேச்சு வருகிறது. உடனே பழைய பாதையைத் திரையில் எடுத்துப் போடுகிறார். முழுதாக ஒரு பிரதி எடுத்து நண்பரிடம் கொடுத்துவிடுகிறார். நண்பர் அதைத் தம்முடைய மேஜையில் சேர்த்துக்கொள்கிறார்.

இந்தக் காட்சியில் கதாநாயகன் யார்? வாசகன். பாதை போட்டவன் அவன், பெயர் வைத்தவன் அவன், உடையவனும் அவனே. நட்புக்காக அதைக் கொடுத்தவனும் அவன்தான்.

பின்னால் வந்தவர்களும் அந்தக் கனவின் ஒவ்வொரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள். 1965-இல் டெட் நெல்சன் 'ஹைபர்டெக்ஸ்ட்' என்ற சொல்லை உண்டாக்கினார். அவர் கேட்ட இணைப்பு இரு வழிப் பாதை: உம்மை யார் சுட்டுகிறார் என்று உமக்கும் தெரிய வேண்டும். 1968 டிசம்பர் 9 அன்று ஸான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் தொண்ணூறு நிமிஷம் தம் யந்திரத்தைக் காட்டினார். உலகம் அதில் மவுஸை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது. எனக்குப் பிடித்தது, அவர் திரையில் போட்டுக் காட்டிய கடைச் சாமான் ஜாபிதாதான். அதையே இனம் பிரித்து அடுக்கினார், விரித்தார், சுருக்கினார். பிறகு வீட்டுக்குப் போகிற வழியைப் படமாகப் போட்டு, எங்கெங்கே நிற்க வேண்டும் என்று காட்டினார். அரிசி பருப்பு வாங்குகிறவனுக்கும் தன் விஷயத்தைத் தன் கண்ணுக்கு ஏற்றபடி பார்க்கிற உரிமை உண்டு என்று சொல்லாமல் சொன்ன மனிதர்! 1985 வாக்கில் பிரௌன் பல்கலைக்கழகத்தில் 'இண்டர்மீடியா' என்று ஒன்று செய்தார்கள். அதில் இணைப்புகளை எழுத்துக்குள் புதைக்காமல் தனியே வைத்தார்கள். ஒரே பாடத்தின்மேல் ஒரு மாணவன் தன் வலையை விரிக்கலாம், இன்னொருவன் வேறு வலையை விரிக்கலாம். ஆப்பிள் கம்பெனி தன் அடிப்படை மென்பொருளை மாற்றியதும் அதுவும் நின்றுபோயிற்று.

பிறகு 1989-இல் ஸ்விட்ஸர்லாந்தின் ஸெர்ன் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து டிம் பெர்னர்ஸ்-லீ வந்தார். அவருடைய இணைப்பு ஒரு வழிப் பாதை. போகலாம், யார் வந்தார்கள் என்பது போன இடத்துக்குத் தெரியாது, அந்த இடம் இடிந்து விழுந்தால் புறப்பட்ட இடத்துக்கும் தெரியாது. 1991-இல் ஸான் அண்டோனியோவில் கூடிய ஹைபர்டெக்ஸ்ட் மகாநாடு அவருடைய கட்டுரையை ஏற்கவில்லை. மேஜை போட்டுக் காட்டிக்கொள் என்றது. பண்டிதர்கள் தோற்றார்கள், அவர் ஜெயித்தார். 1993 ஏப்ரல் 30-இல் ஸெர்ன் அதைக் காசு வாங்காமல் உலகத்துக்கே கொடுத்துவிட்டது. அந்தப் பெருந்தன்மையை நான் குறை சொல்ல மாட்டேன்.

இங்கேதான் இளைஞரின் கட்சிக்காரர்கள் என்னை மடக்குவார்கள். "நெல்சன் 1960-இல் தொடங்கியதற்கு 2014-இல்தானே ஒரு மாதிரியைக் காட்ட முடிந்தது? இரு வழிப் பாதைக்குக் கணக்கு வைப்பது யார்? எளிமையாக இருந்ததால்தானே இணையம் பரவிற்று?" வாஸ்தவம். நெல்சனின் மாளிகைக்குக் காத்திருந்தால் இன்றைக்கும் நாம் தெருவில்தான் நின்றிருப்போம்.

ஆனால், கணக்கு வைக்க முடியாது என்றார்களே, அது பொய்யாகிவிட்டது. ஸ்டான்போர்டில் படித்த லாரி பேஜும் ஸெர்கே பிரின்னும் எதைச் செய்தார்கள்? எந்தப் பக்கத்தை யார் யார் சுட்டுகிறார்கள் என்று பின்னோக்கி எண்ணினார்கள். அந்தத் தேடு யந்திரத்துக்கு முதலில் வைத்த பெயரே 'பேக்ரப்'. 1998-இல் அது கூகுள் கம்பெனி ஆயிற்று. பொதுச் சொத்தாக வேண்டாம் என்று விட்டுவிட்ட திரும்பு பாதை, ஒரு தனிக் கம்பெனியின் மூலதனமாக முளைத்துவிட்டது! முடியாத காரியம் அல்ல. நம் கைக்கு வராத காரியம், அவ்வளவுதான்.

சுவடும் அப்படியே ஆயிற்று. புஷ் கனவு கண்டதைவிட நீளமான பாதைகளை நாம் தினம் போடுகிறோம். எங்கே நின்றோம், எதைத் தொட்டோம், எத்தனை வினாடி பார்த்தோம் என்பதெல்லாம் எங்கோ எழுதி வைக்கப்படுகிறது. அதைக் கொண்டு நமக்கே சோப்பும் செருப்பும் விற்கிறார்கள். நமக்கு மிஞ்சுவது பார்த்த பக்கங்களின் ஒரு பட்டியல். பஸ் டிக்கெட்டைச் சேர்த்து வைத்தது போல: எங்கே ஏறினோம் என்று இருக்கும், எதற்காகப் போனோம் என்று இராது. துருக்கி வில்லிலிருந்து பொருள்களின் வளைவுக்கு ஏன் போனேன் என்று என் கைப்பட எழுதி, நண்பருக்கு முழுப் பாதையாகக் கொடுக்க அதில் இடம் எங்கே?

போதாததற்குப் பாதையே அழிகிறது. 2013-இல் இணையத்தில் இருந்த பக்கங்களில் நூற்றுக்கு 38 பக்கங்கள் பத்து வருஷத்தில் காணாமற் போய்விட்டதாகப் பியூ ஆராய்ச்சி மையம் 2024-இல் கணக்குச் சொன்னது. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் காட்டிய இணைப்புகளில் பாதி, சுட்டிய விஷயத்தை இப்போது காட்டவில்லை என்று ஹார்வர்டுக்காரர்கள் 2014-இல் எழுதினார்கள். தீர்ப்புக்கே அந்தக் கதி. நான் இரண்டு வருஷம் எழுதிய தொடர் ஒன்று ஒரு பத்திரிகையின் இணையதளத்தோடு ஒரே இரவில் மறைந்தது. என் கட்டுரைகளின் பிரதி என்னிடம் இருக்கிறது. கீழே வாசகர்கள் எழுதியவை? என்னைத் திருத்தி ஒரு பெண்மணி நீளமாக எழுதிய பதில் ஒன்று இருந்தது; கட்டுரையைவிட அது நன்றாக இருந்தது. போயே போயிற்று.

கூட்டம் கலைந்த பிறகு அந்த இளைஞரை நிறுத்தி, "உங்கள் வாதத்துக்கு எதைப் படித்தீர்கள்? எனக்கும் கொடுங்கள்" என்று கேட்டேன். பையன் நல்லவன், போனை எடுத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தான். ஒன்று கிடைத்தது, ஒன்று திறக்கவில்லை, மற்றது எந்த வழியாக வந்தது என்றே நினைவில்லை. கடைசியில் அழைப்பிதழின் முதுகில் பேனாவால் மூன்று பெயர்களை எழுதி, நடுவில் இருந்ததற்கு ஒரு கோடு போட்டு, "இதை முதலில் படியுங்கள், ஸார்" என்று என் கையில் கொடுத்தான்.