விஞ்ஞானியின் காதலும் நோயாளியின் சம்மதமும்

சினிமாவில் விஞ்ஞானி என்றால் ஒரு வெள்ளைக் கோட்டு. கண்ணாடிக் குழாய்களில் கலர் கலராகத் தண்ணீர். சாப்பிடவும் நேரம் இல்லாத கதாநாயகன். அவனுக்காகக் காத்துக் காத்துச் சலித்துப்போன காதலி. கோபித்துக்கொண்டு போவாள். திரும்பி வருவாள். இடையில் ஒரு பாட்டு.

2010-ல் ஷங்கர் எடுத்த 'எந்திரன்' படத்திலும் இதெல்லாம் உண்டு. ரஜினிகாந்துக்கு இரட்டை வேடம். விஞ்ஞானி வசீகரன் அவரே. அவர் செய்த எந்திர மனிதன் சிட்டியும் அவரே. சிட்டிக்கு மனித உணர்ச்சி வருகிறது. தன்னைப் படைத்தவரின் காதலியையே காதலிக்கிறான். கடைசியில் தன் உடம்பைத் தானே கழற்றி வைக்கிறான். அந்தக் காட்சியில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சரி, அதே படத்தில் ஒரு தீ விபத்து வருமே, நினைவிருக்கிறதா?

மாடிக் கட்டடம் எரிகிறது. சிட்டி உள்ளே புகுந்து ஒவ்வொருவராகத் தூக்கி வருகிறான். குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கி வந்து கூட்டத்தின் நடுவே விட்டுவிடுகிறான். எதிரே டி.வி. காமிராக்கள்! அவமானம் தாங்காமல் ஓடிய அந்தப் பெண், வண்டியில் அடிபட்டுச் சாகிறாள்.

எந்திரத்துக்கு உணர்ச்சி இல்லாததால் வந்த வினை என்று விஞ்ஞானி நினைக்கிறார். உணர்ச்சியைக் கற்றுக்கொடுக்கிறார். கதை காதலுக்குத் தாவிவிடுகிறது. செத்துப்போன பெண்ணின் வீட்டில் என்ன ஆயிற்று? படம் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

விஞ்ஞானப் படங்களில் எனக்குள்ள குறை இதுதான். பரிசோதனை செய்பவருக்காக அழுகிறோம். பரிசோதனை யார் தலையில் விடிகிறதோ அவரை மறந்துவிடுகிறோம்.

கல்கத்தா டாக்டர்

1990-ல் வந்த ஓர் இந்திப் படம்: 'ஏக் டாக்டர் கீ மௌத்'. 'ஒரு டாக்டரின் மரணம்' என்று பொருள். தபன் சின்ஹா டைரக்ட் செய்தார். அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. பங்கஜ் கபூர் டாக்டர். ஷபானா ஆஸ்மி அவர் மனைவி. டாக்டர் இரவு பகலாகப் பாடுபட்டுத் தொழுநோய்க்குத் தடுப்பு மருந்து கண்டுபிடிக்கிறார். கிடைத்த பரிசு என்ன? மேலதிகாரிகளின் பொறாமை! கிராமத்துக்கு மாற்றல்! கடைசியில் பெருமை அமெரிக்கர்களுக்குப் போகிறது. பக்கத்தில் நின்று வாடும் மனைவியைப் பார்த்தால் கல்லும் கரையும்.

இந்தக் கதைக்கு வித்து, நிஜமாக வாழ்ந்த ஒருவர். கல்கத்தா டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். இங்கிலாந்தில் 1978 ஜூலை 25-ந் தேதி உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி, அவருடைய முயற்சியால் கல்கத்தாவில் 'துர்கா' பிறந்தாள். அரசாங்கம் அமைத்த குழு அதை நம்ப மறுத்தது. அவரைக் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். 1981-ல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பின்னால் அவர் ஆராய்ச்சிக் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, "முதலில் செய்தவர் அவர்தான்" என்று ஊரறியச் சொன்னவர் யார் தெரியுமா? இந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தைக்காகப் பெயர் பெற்றிருந்த விஞ்ஞானி டி.சி.ஆனந்தகுமார்! தம் பெருமையைத் தாமே விட்டுக்கொடுத்தார்.

சினிமாவில் குழந்தைக்குப் பதிலாகத் தொழுநோய் மருந்தை வைத்தார்கள். ஆனால் அங்கேயும் நம் கண் டாக்டரை விட்டு நகர்வதில்லை. மருந்து ஏறப்போகும் உடம்பைப் பற்றி நிஜத்தில் ஒரு வழக்கே நடந்திருக்கிறது.

கோர்ட்டுக்குப் போன கண்

தொழுநோய்க் கிருமியை 1873-ல் கண்டவர் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன். இந்த நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் என்று நிரூபிக்க அவருக்கு ஆசை. 1879-ல் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நோயாளிப் பெண்ணின் கண்ணில், வேறொரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்ததைக் குத்தி ஏற்றினார். அவளைக் கேட்கவில்லை!

விஷயம் கோர்ட்டுக்குப் போனது. 1880-ல் ஹான்சன் அந்த ஆஸ்பத்திரிப் பதவியை இழந்தார். நோக்கம் நல்லதுதான். ஆனால் கண் அவளுடையது அல்லவா?

நூறு வருஷம் கழித்து, செங்கல்பட்டு மாவட்டத்தில் தொழுநோய்த் தடுப்பு ஊசிகளைச் சோதித்தார்கள். கலந்துகொண்டவர்கள் சுமார் 1,71,000 பேர். ஒரு பகுதியினருக்குப் போடப்பட்டது வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று போடுகிறவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது. இது மோசடியா? இல்லை. மருந்து போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டால்தான் மருந்து வேலை செய்கிறதா என்று தெரியும். இப்படி ஒரு சோதனை என்று முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். அதில்தான் நியாயம் இருக்கிறது. 1998-ல் முடிவு வந்தது. இரண்டு ஊசிகள் நல்ல பலன் தந்திருந்தன. உப்புநீர் ஊசிக்குக் கை நீட்டியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

நம் வேலூரில்

1954-ல் வந்தது 'ரத்தக்கண்ணீர்'. எம்.ஆர்.ராதாவின் நடிப்பை மறக்க முடியுமா? ஆனால் தொழுநோய் கெட்ட நடத்தைக்குக் கிடைத்த கூலி என்ற எண்ணத்தை அந்தப் படம் மக்கள் மனத்தில் ஆழமாகப் பதித்துவிட்டது. அடுத்த ஆண்டு, 1955-ல், வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. இது கிருமியால் வரும் நோய். பாவத்தால் வருவதல்ல. இன்று 6 முதல் 12 மாதம் மருந்து சாப்பிட்டால் குணமாகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். நோயாளியின் விரல்கள் அழுகி விழுவதில்லை; உணர்ச்சி செத்துப்போவதால் சூடு பட்டாலும் வெட்டுப்பட்டாலும் தெரியாமல் புண்ணாகிக் குறைகின்றன என்று கண்டார். உணர்ச்சியற்ற பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு வந்தது. அதில் ஆணி அடிப்பதில்லை. குத்தினால் தெரியாதே! ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர்க்காரர்களுக்குச் செருப்பைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்?

காதலும் வேண்டும் என்பார்கள் சினிமாக்காரர்கள். அதுவும் இருக்கிறது. பிராண்டின் மனைவி மார்கரெட்டும் டாக்டர். தொழுநோயாளிகளின் கண்ணைக் காப்பாற்றுவது அவர் வேலை.

மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார் பிராண்ட். நோய் தொடாத தசைநாரை எடுத்து விரலோடு இணைப்பார். விரல் நீளும், மடங்கும். நோயாளிக்கு ஆனந்தம்! ஆனால் சிலர் வாட்டத்தோடு திரும்பி வந்தார்கள். கை நன்றாகிவிட்டதால் யாரும் பிச்சை போடுவதில்லை என்று முறையிட்டார்கள்!

டாக்டர் திகைத்துப்போனார். கத்தியோடு தன் வேலை முடியவில்லை என்று அவருக்குப் புரிந்தது. கல்லூரி நிலத்தில் மண் குடிசைகள் எழுந்தன. நேரான விரல்களில் உளியையும் வாளையும் கொடுத்துத் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் மரப் பொம்மை செய்யத் தொடங்கினார்கள்.