மலை எந்தப் பக்கம்?

அவலூர்பேட்டையில் எங்கள் தெருவிலே ஓர் ஆயா இருந்தார். திண்ணையில் முறத்தை மடியில் வைத்து மல்லாட்டை உரித்துக் கொடுத்தே ஜீவனம் நடத்திவந்த அவர், ஒரு வருஷம் தாமே உலை வைத்துப் பொங்கி உண்டார். மறு வருஷம் கை நடுக்கம் கண்டு பானையை இறக்க இயலாமற்போகவே, அடுத்த வீட்டு மருமகள் வேளைதோறும் கிண்ணத்தில் சோறு கொண்டுவந்து வைத்தாள். அதற்கடுத்த ஐப்பசி மழையில் புழக்கடைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபின், எழுந்து உட்காரவே ஆள் வேண்டியதாயிற்று. மூன்று வருஷத்தில் மூன்று படி இறங்கினார். படிக்குப் படி அவருக்கு வேண்டிய ஒத்தாசையும் வேறாக இருந்தது.

இந்தப் படிகளை உணர்ந்து ஏற்பட்டவைதாம் கோயம்புத்தூரில் வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கங்களில் எழும்பியுள்ள ஓய்வுக்காலக் குடியிருப்புகள். அவற்றுள் சிலவற்றில், தனி வீட்டில் சுயமாக வாழ்பவரும், குளிக்கவும் உடுக்கவும் கைத்துணை வேண்டுபவரும், படுக்கையோடு கிடந்து செவிலியரின் சுசுரூஷையை எதிர்பார்ப்பவரும், ஒரே வளாகத்தில், பழகிய முகங்களுக்கு நடுவே காலங்கழிக்கலாம். அமெரிக்காவில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஏற்பாடு இது. 2019-இல் மத்திய வீட்டுவசதி அமைச்சகமும் இத்தகைய குடியிருப்புகளுக்கு மாதிரி நெறிமுறைகளை வெளியிட்டது. இவ்வழக்கம் நம் குடும்ப தர்மத்துக்கு விரோதமானது என்பாருடன் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட ஊரில், தர்மத்தைப் பேசிக்கொண்டிருந்தால் ஆயாவைத் தூக்கி உட்கார வைப்பது யார்? என் குறையெல்லாம், பெருந்தொகை செலுத்த வல்லவருக்கே அந்த சௌகரியம் கிட்டுகிறது என்பதுதான். 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகையை, அதாவது ஓ.ஏ.பி. பணத்தை, நம்பியிருப்பவர் அந்த வாசலை மிதிக்க முடியாது.

வறியவருக்கும் வழி செய்ய வந்த 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 பேர் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசு 'அமைக்கலாம்' என்கிறது. 'அமைத்தே தீரவேண்டும்' என்று சொல்லவில்லை. அப்படியே அமைந்தாலும், மாவட்டத்தின் ஒரு மூலையில் நிற்கும் பெரிய கட்டடம் செஞ்சி மலைகளுக்கு இப்பால், எங்கள் பக்கம் உள்ள கிராமாந்தரத்து முதியவருக்கு அந்நிய தேசமே. 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா என்னும் தொண்டு நிறுவனம் உண்டாக்கிய தாமரைக்குளம் முதியோர் கிராமம், ஆதரவற்ற முதியவர்கள் ஒரு கிராமம் போலவே கூடி வாழலாம் என்பதைக் காட்டியிருக்கிறது. அது ஒரு நல்ல துவக்கம்.

அவலூர்பேட்டை போன்ற ஒவ்வொரு சந்தையூரிலும் பத்துப் பன்னிரண்டு கட்டில்களோடு ஓர் இல்லம் வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். நடமாட முடிந்தவர் மத்தியானச் சோற்றுக்கும் பேச்சுத்துணைக்கும் அங்கே வந்து போகட்டும். கை தளர்ந்தவரைக் குளிப்பாட்டி விட அங்கிருந்து ஒரு பெண் அவர் வீட்டுக்கே போகட்டும். விழுந்துவிட்டவர் அங்கேயே தங்கட்டும். 2021 ஆகஸ்டில் துவங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் இயன்முறை சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீடு தேடியே வருகின்றன. அந்த ஊழியர்களை இவ்வில்லத்தோடு பிணைப்பது அசாத்தியமன்று. பணிப்பெண்களை உள்ளூரிலேயே தேர்ந்து, பயிற்சியும் நியாயமான சம்பளமும் அளித்தால், கிண்ணத்தில் சோறு கொண்டுவந்த அந்த மருமகளைப் போன்றவர்கள் அரசு தரும் ஊரக வேலைக்குக் காத்திருக்க வேண்டியதுமில்லை.

ஆயாவை அவர் மகன் பட்டணத்துக்கு அருகே ஓர் இல்லத்தில் சேர்த்தான். நான் பார்க்கப் போனபோது விரிப்பு வெளுப்பாக இருந்தது, வேளைக்கு மாத்திரை கொடுத்தார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆயா என் கையைப் பற்றிக்கொண்டு, "நம்ம சித்தகிரி மலை எந்தப் பக்கம்பா கீது?" என்று கேட்டார். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரிந்தது.