தாலி மட்டும் போதாது

"தாலி கட்டியாயிற்று, பதிவை மெல்லப் பார்ப்போம்" என்னும் பினாங்குப் பெற்றோரே, மருமகள் வெளிநாட்டவர் என்றால் இதைப் படியுங்கள். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணப் பதிவு இங்கே கட்டாயம். சான்றிதழ் இல்லையேல் குடிநுழைவுத் துறைக்கு அவர் மனைவியே அல்லர். விசா முடிந்த மறுநாள் குற்றவாளி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு ஆணையோ, வேறோர் உறுப்பு நாட்டில் வாழும் தன் குடிமக்களின் மணமாகாத துணைக்கும் நிலைத்த உறவு உண்டா என ஆராயவும், மறுத்தால் காரணம் கூறவும் சொல்கிறது. நம்மிடம் அதுகூட இல்லை.

பிள்ளைக்கு நேர்வது இன்னும் கொடுமை. பெற்றோர் மணமாகாதோர் என்றால் குடியுரிமைக்குத் தாயையே பார் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. பிறந்தபின் மணந்தும் பயனில்லை எனக் கூட்டரசு நீதிமன்றம் 2021 மே மாதம் 4-3 பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தந்தை மலேசியர், பிள்ளை அந்நியர்! பதிவைத் தள்ளிப்போட்ட ஆடவனுக்கோ ஒரு கீறலும் இல்லை. இவ்விதியை நாடாளுமன்றம் நீக்கியே தீரவேண்டும்.