சீமைப் படிப்பும் சொந்தத் தீர்ப்பும்

வெளிநாட்டில் படித்தவன் சொன்னால் விமர்சனம், உள்ளூரில் படித்தவன் சொன்னால் வெறும் அபிப்பிராயம் என்றொரு பாகுபாடு நம் சிறு வட்டத்தில் சத்தமில்லாமல் ஊன்றிவிட்டது. அண்மையில் ஒரு கூட்டத்தில் ஒரு கவிதைத் தொகுதி பற்றி நான் பேசினேன். அயல் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு வருஷம் இருந்து திரும்பிய நண்பர் எழுந்து, இதையெல்லாம் அங்கே எப்போதோ தாண்டிப் போய்விட்டார்கள் என்றார். தொகுதியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்த வரி, எந்தச் சொல், ஏன் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். என் சண்டை அவரோடு அல்ல, தலையாட்டியவர்களோடு.

இதற்கு நேர் எதிரே இன்னொரு கோஷ்டி இருக்கிறது. சீமைக்குப் போனவன் வேரறுந்தவன், அவன் தமிழே பழுது என்பது அவர்கள் கட்சி. இரண்டும் ஒரே அசட்டுத்தனத்தின் இரண்டு முகங்கள்தாம். ஒருவருக்குக் கப்பலேறுவது உபநயனம், மற்றவருக்கு அது தீட்டு. போனவன் அங்கே என்ன பார்த்தான், என்ன பட்டான், அதை வைத்துக்கொண்டு என்ன செய்தான் என்ற கேள்வி இரண்டு பேருக்குமே தேவைப்படவில்லை.

ஜப்பானிய நாவலாசிரியர் நட்சுமே சோசெகியை எடுத்துக்கொள்வோம். 1900-இல் அரசாங்கம் அவரை வருஷத்துக்கு 1,800 யென் உதவித்தொகையில் லண்டனுக்கு அனுப்பிற்று. பல்கலைக்கழக வகுப்புகளுக்குக் கொஞ்ச காலம் போனார், பிடிக்கவில்லை, நின்றுவிட்டார். ஷேக்ஸ்பியர் அறிஞர் க்ரெய்க்கிடம் தனியாகப் பாடம் கேட்டார். பிறகு அதுவும் நின்றது. சாப்பாட்டைக் குறைத்துப் புத்தகம் வாங்கி, வாடகை அறைக்குள் அடைந்துகொண்டு, இலக்கியம் என்பது என்ன என்று அடியிலிருந்து கேட்கத் தொடங்கினார். அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்ற பேச்சு ஊர்வரை போயிற்று. அந்த அறையில் பிறந்த சிந்தனைதான் டோக்கியோவில் வகுப்புப் பாடங்களாகி, 1907-இல் இலக்கியக் கோட்பாடு பற்றிய நூலாக வந்தது. அதன் முன்னுரையிலேயே லண்டன் வாசத்தைத் தன் வாழ்வின் மிகக் கசப்பான காலம் என்ற பொருள்பட எழுதினார்.

1914-இல் மாணவர்களிடையே ஆற்றிய உரையில் அவர் அதன் சாரத்தைச் சொன்னார். ஒரு கவிதையை மேல்நாட்டான் சிறந்தது என்கிறான். எனக்கு அப்படிப் படவில்லை என்றால், அவன் வாக்கை நான் திருப்பிச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஏன் படவில்லை என்று விளக்குவதே என் வேலை. இதுதான் அவர் லண்டனிலிருந்து கொண்டுவந்த சரக்கு. 1911-இல் அரசாங்கம் இலக்கிய டாக்டர் பட்டம் கொடுக்க முன்வந்தபோது வேண்டாம் என்று மறுத்தவரும் அவரே. நம்மவர்கள் கொண்டுவருவது நேர் மாறு. அவர் பட்டத்தை விட்டுத் தீர்ப்பை வைத்துக்கொண்டார். இவர்கள் தீர்ப்பை அங்கேயே ஒப்படைத்துவிட்டுப் பட்டத்தோடு இறங்குகிறார்கள்.

லு சுன் 1902-இல் சீன அரசாங்கத்தின் செலவில் ஜப்பானுக்குப் போனவர். 1904-இல் செண்டாய் நகரில் வைத்தியப் படிப்பில் சேர்ந்தார். அங்கே ஃபுஜினோ என்ற ஆசிரியர் அவருடைய குறிப்பேடுகளை வாங்கிச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தார். அந்த அன்பையே காரணமாக்கி, பரீட்சைக் கேள்வி முன்கூட்டிக் கிடைத்துவிட்டது என்று சக மாணவர்கள் சந்தேகித்தார்கள். சீனன் தன் மூளையால் தேற முடியும் என்று அவர்களால் நம்ப முடியவில்லை. பிறகு வகுப்பில் ரஷ்ய-ஜப்பான் யுத்தப் படங்கள் காட்டினார்கள். ஒற்றன் என்று பிடிபட்ட ஒரு சீனனின் தலை வெட்டப்படப் போகிறது, சுற்றிலும் சீனர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். உடம்புக்கு மருந்து பார்ப்பது முதல் காரியமல்ல என்று அவர் வைத்தியத்தை விட்டு எழுத்துக்கு வந்ததாகத் தன் முதல் கதைத் தொகுதியின் முன்னுரையில் எழுதினார். 1906-இல் செண்டாயை விட்டார். பட்டம் இல்லை. அயல் நாட்டுப் படிப்பில் அவர் தேறியது அந்த ஒரு படத்தில்தான்.

ஆனால் வேரறுந்தவர் கட்சிக்காரர்கள் இதைக் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். அவர்களுக்கு அம்பேத்கர் இருக்கிறார். 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார், பிறகு லண்டன். 1917-இல் உதவித்தொகை முடிந்து பரோடாவில் வேலை பார்க்க வந்தவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியில் ஒண்டியிருந்தவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். தான் தீண்டத்தகாதவன் என்ற நினைவே அந்த அயல்நாட்டு வருஷங்களில் அழிந்துபோயிருந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். அந்த மனிதரிடம் போய் மண், வேர் என்று பேச எந்தத் தமிழ் எழுத்தாளனுக்கு வாய் வரும்? சொந்த மண் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை.

நான் வங்கியில் குமாஸ்தா. கல்விக் கடன் மனுக்கள் என் மேஜை வழியாகத்தான் போகின்றன. வெளிநாட்டுப் படிப்பென்றால் செலவில் 15 சதம் குடும்பம் போட வேண்டும். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் சொத்து ஜாமீன். தகப்பனார் கூட்டுக் கடன்காரர். படிப்பு முடிந்து ஒரு வருஷம் அவகாசம், அப்புறம் தவணை. வீட்டுப் பத்திரம் வங்கிப் பெட்டியில் இருக்கும் பையன் அறைக்குள் அடைந்துகொண்டு அடிப்படைக் கேள்வி கேட்க முடியாது. அவன் என்ன படிக்க வேண்டும் என்பதைக் கடனே தீர்மானிக்கிறது. அவன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தவணை கட்டி வீட்டை மீட்டால் அவன் கடமை முடிந்தது.

ஆனால் இலக்கியம் படிக்கப் போனவர் கதை வேறு. அவருக்கு வாய்த்த ஓய்வும் நூலகமும் இங்கே பலருக்கு வாய்க்காதவை. அங்கே தன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தவர்கள் யார், தன் மொழியில் என்ன எழுதப்படுகிறது என்று ஒருவராவது கேட்டார்களா, தனக்குப் பிடிக்காத எதைப் பிடித்ததாகச் சொல்ல நேர்ந்தது, இதையெல்லாம் அவர் எழுதட்டும். அது நமக்கு உதவும். அங்கே கற்ற கோட்பாட்டையும் கொண்டுவரட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: அதை ஒரு தமிழ்க் கவிதையின் மேல் வைத்து, வரி வரியாக என்ன தெரிகிறது என்று எங்களுக்குக் காட்ட வேண்டும். தெரிந்தால் ஒப்புக்கொள்வோம். அதுவரை 'அங்கே தாண்டிவிட்டார்கள்' என்பது ஊர்ச் செய்தி, விமர்சனம் அல்ல.

அடுத்த கூட்டத்தில் யாராவது இதைச் சொன்னால், தலையாட்டுவதற்கு முன் எந்த வரி என்று கேளுங்கள்.